நாயோடு மலைப்பாதைக்குக் கிளம்புமுன்

கேள்வி சுருக்கமாக இது: வீட்டில் மூன்று வயது நாய், எடை 20 கிலோ, காலையும் மாலையும் தெருவில் நடந்து பழகியது. அதை மலை, காடு, ஆற்றங்கரைப் பாதைகளுக்குக் கூட்டிப்போக ஆசை. எவ்வளவு தூரம் நடக்க வைக்கலாம், என்னென்ன எடுத்துப்போக வேண்டும், காட்டுக்குள் கயிற்றை அவிழ்த்துவிடலாமா?

தாராளமாகக் கூட்டிப்போங்கள். நாலு தெருவை மட்டுமே பார்த்த நாய், ஈர மண் வாசம் பிடித்ததும் மூக்கைத் தரையோடு வைத்து நடக்கிற நடையே வேறு. பன்னிரண்டு வருடமாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு நாய்களோடு நடந்துவருகிறேன். அந்த முதல் அரைமணி நேரத்தைப் பார்ப்பதற்காகவே விடியுமுன் எழுந்துவிடுவேன். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். நாய் ‘போதும்’ என்று சொல்லாது. நீங்கள் நடந்தால் அதுவும் நடக்கும். உள்ளங்கால் தேய்ந்தாலும் நடக்கும், உடம்பு கொதித்தாலும் நடக்கும், கீழே விழுகிறவரை நடக்கும். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதைக் கயிற்றைப் பிடித்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் முதல் நாயிடம். செவலை நிறம், 22 கிலோ, ஓடினால் பிடிக்க முடியாது. ஒரு நாள் மலை உச்சிவரை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். மணி பதினொன்று இருக்கும். மரங்கள் குறைந்து, வெறும் பாறையாக இருந்த இடம். செவலை ஒரு புதரின் நிழலில் போய்ப் படுத்தது. கூப்பிட்டேன், வந்தது. இருபது அடி நடந்ததும் அடுத்த நிழலில் படுத்தது. சோம்பல் என்று நினைத்துக் கயிற்றைச் சுண்டினேன், எழுந்து வந்தது. மூன்றாவது முறை புதருக்கு அடியில் முன்னங்காலால் மண்ணைப் பறித்து, அந்தப் பள்ளத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்தது. அப்போதுதான் குனிந்து வாயைப் பார்த்தேன். நாக்கு நுனி அகன்று கரண்டி மாதிரி தொங்கியது. உதட்டைத் தூக்கினால் ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. எச்சில் பசை மாதிரி இழுத்தது. மூன்று முறை அது தன் மொழியில் சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை. கையிலிருந்த ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று ஊற்றி, தொப்பியால் விசிறி, மூச்சு கொஞ்சம் நிதானமானதும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து நிழலைத் தேடி ஒரு முறை படுத்தாலே எங்கள் நடை அங்கே முடிந்தது என்று வைத்திருக்கிறேன்.

அதனால் வெயிலைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் கொஞ்சம் வியர்வை. சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற பெரிய வழி மூச்சிரைப்பதுதான்: நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கிற ஈரம் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. வெயிலே இல்லாத, மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான காட்டில்கூட நாய்க்கு வெப்பத்தாக்கு வருவது இதனால்தான். நமக்கு நிழல் இதமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடையில் இருப்பது இரண்டே டிகிரி. ஏறுகிற நாய் அதை வேகமாகத் தாண்டிவிடும்.

பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு இந்த மூச்சுவழியே குறுகல். அவற்றை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதே நல்லது; குளிர்ந்த காலையில் சமதளமான ஆற்றங்கரையில் ஒரு சின்ன நடை போதும். குண்டான நாய், வயதான நாய், அடர்ந்த ரோமம் உள்ள நாய் இவற்றுக்கும் கவனம் கூடுதலாக வேண்டும்.

வெப்பத்தாக்கு என்று சந்தேகம் வந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்குங்கள். வண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நிழல், கிடைக்கிற தண்ணீர், காற்று மூன்றும் வேண்டும். தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துணியை மேலே போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் உள்ளே சூடு அடைபடும், அதைச் செய்ய வேண்டாம். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். அப்புறம் முக்கியமான விஷயம், எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். சிறுநீரகத்துக்கும் இரத்தம் உறையும் தன்மைக்கும் ஏற்பட்ட பாதிப்பு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நான் செவலையைக் கொண்டுபோனபோது மருத்துவர் மறுநாளும் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னது அதற்காகத்தான்.

தரையின் சூடு தனி விஷயம். புறங்கையைப் பாறைமேல் வைத்து ஏழு விநாடி எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. காலையில் ஏறும்போது குளிர்ந்திருந்த அதே பாறை, இறங்கும்போது தோசைக்கல்லாக இருக்கும். திரும்பும் நேரத்தை வைத்துத்தான் கிளம்பும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ‘வெயில் ஏறுமுன் கிளம்பிவிட்டோம்’ என்பதில் பயனில்லை. வெயில் ஏறுமுன் இறங்கியிருக்க வேண்டும்.

சரி, தூரம். தெருவில் இவ்வளவு தூரம் நடக்கிறதே என்ற கணக்கு மலைக்குப் பொருந்தாது. ஏற்றம், கல், வேர், தாவல் என்று ஒவ்வொரு கிலோமீட்டரும் அதிக உழைப்பு. தெருவில் வழக்கமாக நடக்கிற தூரத்தில் பாதியை முதல் மலைநடைக்கு வையுங்கள். போகவர இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும். மறுநாள் காலை அது எழுந்திருக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முறை கொஞ்சம் கூட்டுங்கள். சுற்றிவந்து சேருகிற பாதையைவிடப் போன வழியே திரும்புகிற பாதை தொடக்கத்துக்கு நல்லது, எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். நாயின் உடல் எடையில் சுமார் அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. இறங்கும்போது அது இன்னும் கூடும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வலி வருவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். துள்ளிக்கொண்டு இறங்க விடாமல் உங்கள் பக்கத்திலேயே நிதானமாக இறக்கிக் கொண்டுவாருங்கள்.

உங்கள் நாய்க்கு மூன்று வயது, அதில் பிரச்சினை இல்லை. குட்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன்: எலும்பின் வளர்தட்டுகள், அதாவது எலும்பு நீண்டு வளர்கிற முனைகள், மூடுவதற்கு ஏறத்தாழ ஒரு வயது ஆகும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதற்குமுன் நீண்ட ஏற்றமும் பாறைத் தாவலும் மூட்டைக் கெடுத்துவிடும். குட்டியைச் சும்மா முகர்ந்து திரிய விடுங்கள், மலை எங்கேயும் போய்விடாது.

தண்ணீர்க் கணக்கு இது. சும்மா வீட்டில் கிடக்கிற நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி தேவை. உங்கள் நாய்க்கு அது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். நடக்கும்போது தேவை பலமடங்கு கூடும். மூன்று மணி நேர நடைக்கு நாய்க்கென்று தனியாக ஒன்றரை லிட்டர் கொண்டுபோகிறேன், அதில் பாதி மிச்சமாகி வந்தாலும் சுமந்ததற்கு வருத்தப்பட்டதில்லை. தாகம் எடுத்த பிறகு ஒரேயடியாகக் கொடுக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து வாய். மடிக்கிற சிலிக்கான் கிண்ணம் ஒன்று பையின் வெளிப்பக்கம் தொங்கட்டும். உள்ளே இருந்தால் எடுக்கச் சோம்பல் வந்துவிடும்.

கிளம்புமுன் வயிறு நிறையச் சாப்பாடு கூடாது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். உணவுக்கும் நடைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். வழியில் உங்கள் தீனியைப் பகிரும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் மலைக்கு எடுத்துப்போகிற கலவைப் பருப்பில் உலர்திராட்சையும் சாக்லேட்டும் இருக்கும், இரண்டுமே நாய்க்கு நஞ்சு. சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கிற சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அதைவிட மோசம்.

இப்போது கயிறு. என் பதில்: அவிழ்க்காதீர்கள். ‘என் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்’ என்று எல்லோருமே சொல்வோம். வீட்டில் வரும், மைதானத்தில் வரும். கண்முன் ஒரு முயல் குதித்து ஓடினால் வருமா என்பதுதான் கேள்வி. துரத்துகிற அந்த நிமிடத்தில் நாயின் காதுக்கு நாம் இல்லை. காட்டில் தொலைந்த நாயைத் தேடுவது தெருவில் தேடுவது மாதிரியும் அல்ல. கழுத்தில் ஜிபிஎஸ் மாட்டியிருந்தாலும் பெரும்பாலான கருவிகளுக்கு மொபைல் சிக்னல் வேண்டும். பள்ளத்தாக்கில் அது கிடைக்காது.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. கரடி, காட்டுப்பன்றி, யானை இவற்றிடம் குரைத்துவிட்டுப் பயந்த நாய் நேராக ஓடிவருவது உங்களிடம்தான், அந்த விலங்கையும் பின்னாலேயே கூட்டிக்கொண்டு. முள்ளம்பன்றியை முகர்ந்த நாயின் மூக்கிலும் வாயிலும் ஏறிய முட்களை வழியில் நின்று பிடுங்க முயலாதீர்கள். உடைந்து உள்ளேயே தங்கிவிடும். மயக்கமருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

காட்டின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நாய் எதையும் துரத்தாமல், கயிற்றிலேயே நடந்தாலும்கூட பறவைகளுக்கு அது வேட்டை விலங்குதான். சிட்னிக்கு அருகே காட்டுப்பாதைகளில் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. கயிற்றில் கட்டிய நாயோடு மனிதர் நடந்துபோன இடங்களில் பறவை வகைகள் 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. நாய்கள் வழக்கமாக வருகிற பாதைகளிலும் பறவைகள் பழகிப்போகவில்லை. இதைப் படித்த பிறகு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் நாணல் கரைக்கும் புல்வெளிக்கும் நாயைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டேன். நோயும் இருக்கிறது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் பரவி அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஆயிரம், இறந்துபோயின. தடுப்பூசி போடாத நாய் காட்டுக்குள் எதைக் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் பல நாடுகளில் நாயை அனுமதிப்பதில்லை. வாசலில் போய்க் கெஞ்சாமல், முன்கூட்டியே விசாரித்து, அனுமதி உள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள். காரில் நாயைப் பூட்டிவைத்துவிட்டு ‘ஒரு சுற்று’ போய்வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

எந்தக் கயிறு என்றால், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு. இழுத்தால் நீண்டுகொண்டே போகிற வகை புதரில் சிக்கும், கையை அறுக்கும். கழுத்துப்பட்டையில் கொக்கியை மாட்டாமல், நெஞ்சில் ஒய் வடிவத்தில் பொருந்துகிற ஹார்னஸில் மாட்டுங்கள். முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸாகப் பார்த்து வாங்கினால் பாறையில் தூக்கிவிடவும், வழுக்கும்போது பிடித்து நிறுத்தவும் அந்தக் கைப்பிடி உதவுகிற அளவுக்கு வேறெதுவும் உதவாது. கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். இடுப்பில் கட்டிக்கொள்கிற கயிறு சமதளத்தில் சௌகரியம். இறக்கத்திலும் ஆற்றோரத்திலும் கையில் மாற்றிக்கொள்ளுங்கள், நாய் பாய்ந்தால் நீங்களும் சேர்ந்து போவீர்கள்.

கயிற்றை விட்டே ஆகவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கிற பசு உங்களைத் துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். பசுவின் கோபம் நாய்மேல்தான். நாய் ஓடித் தப்பித்துவிடும், பிடித்துக்கொண்டு நின்றால் மிதிபடுவது நீங்கள். மந்தையைக் காக்கிற நாய்கள் எதிரே வந்தால் ஓடாமல், கத்தாமல், மந்தையை நன்றாகச் சுற்றி விலகிப் போங்கள். எதிரே மனிதர் வந்தால் பாதையின் ஓரம் ஒதுங்கி, நாயை உங்களுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, அவர்கள் கடந்த பிறகு நடங்கள். ‘ஒன்றும் செய்யாது’ என்று நாம் சொல்வது நாய்க்குப் பயப்படுகிறவருக்குக் காதில் ஏறாது.

ஆற்றங்கரைக்கு வருவோம். மலையைவிட எனக்கு அதிகப் பயம் ஆறுதான், ஏனென்றால் அது பார்க்க அவ்வளவு சாதுவாக இருக்கும். எல்லா நாய்க்கும் நீச்சல் தெரியும் என்பது பாதி உண்மை. கால் அடிக்கத் தெரியும், சுழலைப் பற்றியோ நீருக்கடியில் மறைந்திருக்கும் மரக்கிளையைப் பற்றியோ எதுவும் தெரியாது. குட்டைக்கால் நாய்களும் சப்பை மூக்கு நாய்களும் மிதக்கவே திணறும். நாயை நீரில் விடுமுன் ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வேக நடையைவிடக் குச்சி வேகமாகப் போனால் அங்கே இறக்க வேண்டாம். அதே குச்சியோடு கீழ்ப்பக்கம் நடந்து, நாய் கரையேறச் சரிவான இடம் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள். இறங்குகிற இடத்தைவிட ஏறுகிற இடம்தான் முக்கியம். தடுப்பணைக்குக் கீழே நீர் திரும்பச் சுழலும், அந்தப் பக்கமே போகாதீர்கள். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் நீர் திடீரென்று உயரும்.

நீரில் இருக்கும்போது கயிறு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது, கல்லிடுக்கில் சிக்கினால் நாய் மூழ்கிவிடும். மேலே கைப்பிடி உள்ள மிதவை அங்கி போடுங்கள். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் நாயின் வயிற்றைத் தொட்டால் தூக்கிக்கொண்டு போக வேண்டும், தூக்கிக்கொண்டு உங்களால் நிற்க முடியாத இழுப்பு என்றால் திரும்ப வேண்டும். நாய் அடித்துச்செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். மனசு பதறும், எனக்குத் தெரியும். ஆனால் பல சமயம் நாய் கீழே எங்கோ கரையேறிவிடுகிறது, குதித்தவர் ஏறுவதில்லை. கரையோடு கீழ்ப்பக்கம் ஓடி, நீர் அமைதியாக இருக்கிற இடத்தில் நின்று சத்தமாகக் கூப்பிடுங்கள். குரல் கேட்கிற பக்கம் அது நீந்தும்.

குடிக்கிற நீரிலும் ஆபத்து இருக்கிறது. தேங்கிய நீரில் பச்சை பெயின்ட் கொட்டியது மாதிரி ஏடு படர்ந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு நாயை மணிக்கணக்கில்கூட இல்லாமல் நிமிடக்கணக்கில் கொன்றுவிடும். குடிக்க வேண்டும் என்றில்லை, நீந்திவிட்டு ரோமத்தை நக்கினாலே போதும். சந்தேகம் வந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கும், நாம் எலிக்காய்ச்சல் என்பது. நாயிடமிருந்து நமக்கும் வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளோடு இதையும் கேட்டுப் போட்டுவிடுங்கள். ஓடையில் வாய்வைத்துக் குடிக்கிற நாயின் மூக்குக்குள் சில அட்டைகள் ஏறிக்கொள்வதும் உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம், ஓயாத தும்மல் என்று இரண்டு மூன்று வாரம் கழித்துத் தெரியும். ஆகக்கூடி, நாய்க்கும் வீட்டுத் தண்ணீர்தான்.

ஒரு விஷயத்தை நானே தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். உண்ணிக்காகப் பிடரியில் விடுகிற சொட்டுமருந்து நீரில் கழன்று ஆற்றுக்குள் போகிறது. இங்கிலாந்தில் இருபது ஆறுகளின் நீரை ஆராய்ந்தபோது ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் இத்தகைய சொட்டுமருந்தில் உள்ள ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. நீரில் வாழும் பூச்சிகளுக்கு அது மிகச் சிறிய அளவிலேயே விஷம், அவற்றைத்தான் மீன் தின்கிறது. ஆற்றுப்பக்கம் அடிக்கடி போகிற நாய்க்கு வாய்வழி மாத்திரை பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சொட்டுமருந்துதான் என்றால் போட்ட நாட்களில் நீரில் விடாதீர்கள்.

நாயின் மலத்தைக் காட்டில் விட்டால் உரம்தானே என்று நினைப்பார்கள். உரம் என்பதுதான் சிக்கல். பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு அருகில் உள்ள இயற்கைப் பகுதிகளில் நாய்கள் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் சுமார் 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் சேர்ப்பதாக 2022-இல் கணக்கிட்டார்கள். சத்து குறைந்த மண்ணில் பழகிய செடிகள் இதனால் பின்வாங்கி, களை முன்னேறும். பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். மூடி இறுகிய டப்பா ஒன்று இருந்தால் நாற்றம் தெரியாது. கட்டிய பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போவது அள்ளாமல் போவதைவிடக் கேடு.

உண்ணி, அட்டை, முள் பற்றிச் சுருக்கமாக. உண்ணியைக் கிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். நெருப்பு, எண்ணெய் எல்லாம் வைத்தால் அது வயிற்றில் உள்ளதை நாயின் இரத்தத்துக்குள் கக்கிவிடும். அட்டையை நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்தால் போதும். உண்ணிக்காய்ச்சல் ஓரிரு வாரம் கழித்துத்தான் காட்டும்: சாப்பிடாது, ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் இரத்தம் வரும். அப்போது மருத்துவரிடம் ‘காட்டுக்குப் போய்வந்தோம்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். நெருஞ்சி முள்ளைவிட மோசம், காய்ந்த புல்லின் கொக்கி விதை. விரலிடுக்கிலோ காதிலோ ஏறினால் முன்னோக்கி மட்டும்தான் நகரும், உள்ளேயே போய்ச் சீழ் வைக்கும்.

பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். முகத்தில் கடித்திருந்தால் வீங்குமுன் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, நஞ்சு முறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் அது இருப்பு உண்டு என்பதைக் கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுவைக்க வேண்டும், கடித்த பிறகு தேடினால் நேரம் போய்விடும்.

அதனால் பையில் தண்ணீரோடு இவையும் இருக்கட்டும்: ஒட்டும் கட்டுத்துணி, பஞ்சு, கிடுக்கி, கிருமிநாசினி, பாதம் வெட்டுப்பட்டால் மாட்ட ஒரு பழைய காலுறை, வாய்கட்ட நீளத்துணி. எவ்வளவு பாசமான நாயும் வலியில் கடிக்கும், அதன்மேல் தவறில்லை. வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற, சூடேறிய நாய்க்கு மட்டும் வாய்கட்டக் கூடாது. நமக்கான வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இபுபுரூஃபன், பாராசிட்டமால் இரண்டும் நாய்க்கு நஞ்சாகலாம். அப்புறம் ஒரு பழைய பருத்திப் போர்வை. இது எதற்கு என்று கேட்பீர்கள். 20 கிலோ நாய் நடக்க முடியாமல் போனால் எப்படிக் கீழே கொண்டுவருவீர்கள்? வெறும் கையில் ஐந்நூறு மீட்டர்கூடத் தாங்காது. போர்வையைத் தொட்டிலாகக் கட்டித் தோளில் மாட்டினால் நீண்ட தூரம் போகலாம். அதை வீட்டிலேயே நாலைந்து முறை செய்து பழகுங்கள், நாயும் பழகட்டும். செவலையைத் தூக்கி இறங்கிய அன்று என்னிடம் போர்வை இல்லை. நாற்பது நிமிடம், ஏழெட்டு முறை இறக்கிவைத்து ஏற்றினேன். கால் நடுங்கியது எனக்கும் சேர்த்துத்தான்.

குளிரில் எதிர்ப்பக்கச் சிக்கல். நனைந்த நாய்மேல் காற்றடித்தால் சூடு வேகமாக இறங்கும். நடுக்கம் தொடங்கியதும் துடைத்து, போர்த்தி, இறங்கிவிடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கத்தை நிறுத்திவிட்டுச் சோர்ந்து கிடந்தால் தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், நிலைமை மோசமாகிவிட்டது.

திரும்பி வந்ததும் நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. வெளிச்சமான இடத்தில் பாயைப் போட்டு, நாயைப் படுக்கவைத்து, மூக்கிலிருந்து வால்வரை விரலால் தடவிப் பார்ப்பேன். காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், தொடை இடுக்கு, வாலுக்குக் கீழே, ஒவ்வொரு விரலிடுக்கும். கண் பார்க்காததை விரல்நுனி கண்டுபிடித்துவிடும். உண்ணி ஒரு மிளகு மாதிரி தட்டுப்படும். உள்ளங்காலை விரித்துத் தேய்மானம், வெடிப்பு, கல் பார்க்க வேண்டும். காதை உலரத் துடைக்க வேண்டும். இப்போதைய நாய் இதற்குப் பழகி, பாயை விரித்தாலே தானாக மல்லாந்து படுத்துக்கொள்கிறது.

உங்கள் முதல் நடைக்கு ஒரு யோசனை. மேகமூட்டமான நாள், மர நிழல் உள்ள பாதை, நாலு கிலோமீட்டருக்குள். விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். முகர்வதற்கு நிற்கிற இடத்திலெல்லாம் நில்லுங்கள், அதற்கு மலை என்பது உச்சி அல்ல, வழிநெடுகக் கிடக்கிற வாசனைகள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் கொடுக்கும்போது நாக்கின் நுனியையும் ஈறின் நிறத்தையும் பாருங்கள். வீட்டில் ஓய்வாக இருக்கும்போது அந்த ஈறு என்ன நிறம் என்பதை இன்று இரவே ஒரு முறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.